இறங்காத ஸ்பிரிங்கு

இல்லம்மா, ஸ்பிரிங்க மாத்தணும்னு நான் சொல்லவே இல்லயே. ஸ்பிரிங்கு அது பாட்டுக்கு இருக்கட்டும். அத சுத்தி இருக்கற வேற எதையாவது மாத்தி, ஜீப்பு இந்தக் குதி குதிக்காம பண்ண முடியுமான்னுதான் கேக்கறேன். சக்கரத்துக்கு ஸ்பேசர் போட்டா சரியாயிடும்னு டயர் கடைக்காரர் சொன்னாரு. இருக்கா உங்ககிட்ட? அந்த அலுமினிய வளையம், ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவுல வச்சு முடுக்குவாங்களே. ஆங், அதேதான். கண்ணாடிக்குள்ள அடுக்கி வச்சிருக்கீங்களே, அதத்தான் நான் வந்ததுல இருந்து பாத்துக்கிட்டு இருக்கேன்.

ஆமா, ஸ்பிரிங்கு இங்க வாங்குனதுதான். போன மழைக்கு முன்னாடி. அப்ப உங்க எடத்துல ஒரு மீசைக்காரர் உக்காந்திருந்தாரு. வேலைய விட்டுட்டாரா? அட, நல்ல மனுஷன். கொஞ்சம் பேசுவாரு. நான் அவர விடப் பேசுவேன். இன்னிக்கு நீங்க மாட்டிக்கிட்டீங்க, உங்க தலையெழுத்து. ஸ்டூல் இருந்தா நல்லதுதான், குடுங்க. முதுகு நிக்க விட மாட்டேங்குது.

விஷயத்துக்கு வரேன். நான் அவர்கிட்ட கேட்டது ரெண்டு இஞ்ச் லிஃப்ட்டு. வண்டி கொஞ்சம் ஒசந்தா கல்லு அடியில இடிக்காதுன்னு. அவரும் ரெண்டு இஞ்ச்சுன்னு சொல்லித்தான் குடுத்தாரு. ஆனா மாட்டுனப்பறம் டேப் வச்சு அளந்து பாக்கறேன், மூணுக்கு மேல நிக்குது. ஏறணும்னா ஒரு கையால கம்பியப் புடிச்சு, ஒரு கால உள்ள வீசி, மிச்ச ஒடம்ப அப்பறமா வரச் சொல்லணும். அது கூடப் பரவால்ல. ஓட்டும்போது ஒரு சின்னக் குழி வந்தாப் போதும், தூக்கிவாரிப் போடுது. எலும்ப ஒண்ணொண்ணா எண்ணிடலாம். டீ வாங்கி வச்சா பாதி சட்டையில. வாங்குன நாள்ல இருந்து நான் டீக்கறை இல்லாத சட்ட போட்டதில்ல.

வேலையா? செல்போன் டவர் பாக்கறதும்மா. மலை மேல, காட்டு ஓரத்துல, எங்கெங்கயோ நட்டு வச்சிருப்பான். ஜெனரேட்டர் ஓடுதா, பேட்டரி உசுரோட இருக்கா, எலி வயரக் கடிச்சு வச்சிருக்கா, இதெல்லாம் போய்ப் பாக்கணும். சம்பளம் கம்பெனியோடது, வண்டி என்னோடது. அங்க ரோடுன்னு ஒண்ணு இருக்காது, ரோடு இருந்ததுக்கு அடையாளம்தான் இருக்கும். மனுஷ வாசனையும் இருக்காது. ஊரே போன்ல பேசணும்னு நீங்க பேச ஆளில்லாம கெடக்கறீங்களேன்னு எங்க வீட்டம்மா கிண்டல் பண்ணுவா. அதான் ஆளக் கண்டா இப்படி வாய் நிக்காம போகுது. தப்பா எடுத்துக்காதீங்க.

ஓ. சரி. அதாவது ஸ்பிரிங்கு கெட்டுப் போகல. வண்டியில எப்பவும் இவ்வளவு கனம் இருக்கும்னு சொல்லி வாங்குனோமே, அந்தக் கனம் ஏறுனாதான் அது இறங்கி ரெண்டு இஞ்ச்சுக்கு வரும். ஏறலன்னா இறங்காது, வெறச்சுக்கிட்டு நிக்கும். வெறச்சுக்கிட்டு நிக்கறதாலதான் குலுக்குது. புரியுதும்மா. நல்லா புரியற மாதிரி சொல்றீங்க. எங்க மெக்கானிக்கும் இதையேதான் சொன்னாரு, நான்தான் அவர் வாய அடைச்சுட்டேன்.

இல்ல இல்ல, லேசான ஸ்பிரிங்கு வேணாம். அத எடுக்காதீங்க. அது அப்பறம். ஸ்பேசருக்கு வாங்க.

இப்ப நீங்களே சொல்லுங்க. வண்டி ஒசந்து போனதால திருப்பத்துல ஒரு பக்கமா சாயுது. சக்கரத்தக் கொஞ்சம் வெளிய தள்ளி விட்டா, பஸ்ல நிக்கும்போது கால அகட்டி நிக்கறோமே, அந்த மாதிரி நிக்கும்ல? சாயாதுல்ல? சாயாது. ஆனா? அது என்ன ஆனா? ஓ, மெல்லிசா இருக்கற வளையம் போட்டா நட்டு கடிக்கறதுக்கு மரை பத்தாது. சரி, அது ஆபத்து, வேணாம். தனியா போல்ட்டு வச்ச இந்தத் தடிமனான வளையம்? பேரிங்குக்கு வேல ஜாஸ்தியாகும். ம். முழுசா ஸ்டியரிங்க ஒடிச்சா டயர் மட்கார்டுல உரசும். ம். அப்படியும் குலுக்கறது நிக்காதா? நிக்கவே நிக்காதா? குலுக்கலுக்கும் ஸ்பேசருக்கும் சம்பந்தமே இல்லயா?

என்னம்மா நீங்க. விக்கற பொருளையே வேணாம்னு சொல்ற கடைய இப்பதான் பாக்கறேன். மீசைக்காரர் இருந்திருந்தா இந்நேரம் ரெண்டு செட்டு கட்டிக் குடுத்து, வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பியிருப்பாரு. இல்ல, கோவம் இல்ல. நீங்க சொல்றது நல்லதுக்குத்தான். இருந்தாலும் நம்ம ஆசைப்பட்டு வந்தத ஒருத்தர் இவ்வளவு சுத்தமா ஒடச்சா ஒரு மாதிரி இருக்குல்ல.

சரி, ஷாக் அப்சார்பர்? அத லேசானதா போட்டா? ஸ்பிரிங்கு தள்ளுற தள்ளுக்கு அதால ஈடு குடுக்க முடியாதா? அப்ப குதிச்ச வண்டி குதிச்சுக்கிட்டே இருக்கும்னு சொல்றீங்க. டயர்ல காத்தக் கொறச்சும் பாத்துட்டேன். ஸ்டியரிங்கு கல்லு மாதிரி ஆயிடுச்சு, கை ரெண்டும் கழண்டு போச்சு. அதுவும் இல்ல.

எத்தன பேர் போவோமா? அஞ்சு பேர். சாமானும் உண்டு. அஞ்சுன்னே வச்சுக்கோங்க.

நெஜமாத்தாம்மா. முன் சீட்டு எங்க வீட்டம்மாவுக்கு. அதுல வேற யாரும் உக்கார முடியாது, எழுதி வச்ச மாதிரி. நான் பிரேக் போடறதுக்கு முன்னாடி அவ போட்டுருவா, கால தரையில ஊனி. அவ பக்கத்துக் கால்மிதி ரப்பர் தேஞ்சு ஓட்டையா போச்சுன்னா பாத்துக்கோங்க, வண்டி ஓட்டற என் பக்கத்துக் கால்மிதி புதுசு மாதிரி இருக்கு. பின்னாடி நடுவுல மாமியாரு. வயசானவங்க, மெதுவா போங்கன்னு சொல்லுவாங்கன்னுதான நெனப்பீங்க? மாப்ள, சக்கரம் உருளுதா இல்ல நின்னு போச்சான்னு கேப்பாங்க. லாரிக்காரன் முந்திட்டா அவங்களுக்கு மூஞ்சி சின்னதா போயிடும். அவங்களுக்கு இந்தப் பக்கம் பொண்ணு, அந்தப் பக்கம் பையன். ரெண்டுக்கும் ஜன்னல் பஞ்சாயத்து. பையனுக்கு வாந்தி வரும், அதனால ஜன்னல் வேணும். பொண்ணுக்கு ஜன்னல் வேணும்னா வேணும், அதுக்குக் காரணமெல்லாம் கேக்கக் கூடாது. ரெண்டு பக்கமும் ஜன்னல் இருக்கு, ஆனா ரெண்டு பேருக்கும் அதே ஜன்னல்தான் வேணும்.

லீவு நாள்ல எங்கயாவது கெளம்பிருவோம். ஆத்து மணல்ல எறக்குவேன், மலை மேல டவர் வரைக்கும் கூட்டிட்டுப் போவேன். என் வேல எடத்தப் பாக்கட்டும்னுதான். டவர் அடியில பாய விரிச்சு சாப்புடுவோம். பொண்ணு அங்கயே நின்னுக்கிட்டு சிக்னல் இல்லப்பான்னு கத்துவா. அப்பா வேல பாக்கற லட்சணம் இதுதான்னு எங்க வீட்டம்மா அதுக்கு ஒரு குத்து. அவ கொண்டு வர சாமான் இருக்கே, அடுப்பு, குக்கரு, தலகாணி. தலகாணி எதுக்குடின்னா, நீங்க ஓட்டற ஓட்டுக்கு இடுப்புக்கு முட்டுக் குடுக்கன்னு. திரும்பி வரும்போது எல்லாரும் தூங்கிருவாங்க. அவ மட்டும் தூங்க மாட்டா. நான் தூங்கிருவேனோன்னு பேசிக்கிட்டே வருவா. என்ன பேசுவா? ஒண்ணுமில்ல. பக்கத்து வீட்டுப் பம்பு, அவ தங்கச்சியோட நாத்தனாரு, பால்காரர் தண்ணி ஊத்தறது. காதுல வாங்குன மாதிரி தலைய ஆட்டிக்கிட்டே ஓட்டுவேன். இப்ப நெனச்சா, அத முழுசா கேட்டிருக்கலாமேன்னு இருக்கு.

சாவியா? உங்க கடைத் தம்பி வந்து வண்டிய உள்ள ஏத்தி அளக்கணுமா? இருங்க இருங்க, அவசரம் ஒண்ணுமில்ல. வண்டி நெழல்ல நிக்குது, நிக்கட்டும். நான் இன்னும் எது வேணும்னே முடிவு பண்ணலயே.

கடைசியா எப்ப அஞ்சு பேரும் ஏறுனோமா.

அது வந்தும்மா. பொண்ணு கல்யாணம் ஆகி வெளிநாடு போயிட்டா. மாப்ளைக்கு அங்கதான் வேல. பிரசவத்துக்கு அம்மா வேணும்னு கூப்புட்டா, எங்க வீட்டம்மா போனா. மூணு மாசம்னு சொல்லிட்டுப் போனா. அந்த மூணு மாசத்துலதான் நான் இங்க வந்து ஸ்பிரிங்கு வாங்குனது. எல்லாரும் வருவாங்க, பேத்தியும் வரும், ஏத்திக்கிட்டு ஒரு சுத்து சுத்தணும், பழைய ஸ்பிரிங்கு தாங்காதுன்னு ஒரு கணக்கு. மீசைக்காரர் கனம் எவ்வளவுன்னு கேட்டாரு. நான் ஒவ்வொருத்தர் எடையா சொன்னேன். சாமானையும் சேத்து சொன்னேன். குக்கர் கூட விடல. அவரும் சிரிச்சுக்கிட்டே, சார் உங்களுக்கு இருக்கறதுலயே கெட்டி ஸ்பிரிங்குதான் வேணும்னாரு. எனக்கு அதக் கேக்க அவ்வளவு பெருமை. கனமான ஆளு நானுன்னு.

அப்பறம் பொண்ணு வேலைக்குத் திரும்பணும், கொழந்தைய யாரு பாக்கறது. இவ இன்னும் கொஞ்ச நாள்னா. பையன் அக்கா வீட்ல தங்கி வேல தேடறேன்னு போனான், கெடச்சுருச்சு. மாமியாரு இங்கதான் இருந்தாங்க. என் பொண்ணு இல்லாத வீட்ல மருமகன் கையால சாப்புட்டு உக்காந்திருக்கறது நல்லாவா இருக்குன்னு, மச்சான் வீட்டுக்குக் கெளம்பிட்டாங்க. நான் எவ்வளவோ சொன்னேன். என் சமையல் காரணமா இருக்குமோன்னும் ஒரு சந்தேகம்.

சண்டையா? ஐயோ, இல்லம்மா. ஒரு சண்டையும் இல்ல. சண்டைன்னா பரவால்லயே, போயி காலப் புடிச்சாவது கூட்டிட்டு வந்துருப்பேன். தினம் வீடியோல பேசறா. சாப்டீங்களான்னு கேக்கறா, கேஸ மூடுனீங்களான்னு கேக்கறா. பேத்திய கேமராகிட்ட காட்டறா, அது என் மூக்கப் புடிக்கப் போயி செல்போனத் தட்டி விட்டுரும். எல்லாம் நல்லாத்தான் இருக்கு. யார் மேலயும் தப்பு சொல்ல முடியாது. அதான் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு.

போனேனே. லீவு போட்டு ஒரு தடவ போயிட்டுத்தான் வந்தேன். காலைல எல்லாரும் ஆளுக்கொரு வேலையாப் போயிடுவாங்க. நான் வண்டிக்குப் பின்னாடி தொங்கற ஸ்டெப்னி மாதிரி, பஞ்சர் ஆனாத்தான் கூப்புடுவாங்க. அங்க யாருக்கும் பஞ்சரே ஆகல. இங்கயாவது டவர் இருக்குன்னு திரும்பி வந்துட்டேன்.

இல்ல, நீங்க சொல்றது சரிதான். இப்ப ஓட்டற கனத்துக்கு லேசான ஸ்பிரிங்குதான் சரி. அது எனக்குத் தெரியாம இல்ல. ஆனா இப்படி யோசிச்சுப் பாருங்க. நான் இன்னிக்கு லேசானத மாட்டிட்டேன்னு வைங்க. அடுத்த மாசம் எல்லாரும் வந்து வாசல்ல நிக்கறாங்க. ஏறி உக்காந்தா பின்னாடி தரையோட தரையா உக்காந்துரும்ல? டயர் உரசும்ல? அப்ப அவ என்ன நெனப்பா? நாம வர மாட்டோம்னு முடிவு பண்ணி வண்டியையே மாத்தி வச்சிருக்காரு பாருன்னு நெனக்க மாட்டாளா? அதுக்குத்தான் ஸ்பேசர் போட்டாவது, ஷாக்க மாத்தியாவது, எதையாவது பண்ணி இந்த ஸ்பிரிங்க அப்படியே வச்சுக்க முடியுமான்னு கேட்டேன். வேற ஒண்ணுமில்ல.

ம். அவங்க வர்றப்ப மறுபடி கெட்டியானத மாட்டிக்கலாம். அரை நாள் வேலதான். அதுவும் சரிதான். நீங்க தங்கமா பேசறீங்கம்மா. உங்க அப்பா என்ன பண்றாரு? அடிக்கடி போன் பண்ணுவீங்களா? பண்ணுங்க. அவர் எதையாவது சம்பந்தமில்லாம பேசுனாலும் வச்சுராதீங்க.

ஞாயித்துக்கெழம அவ ஒண்ணு கேட்டாம்மா. சாதாரணமாத்தான் கேட்டா. என் தையல் மிஷின நல்லா பேக் பண்ணி அனுப்பி வைக்க முடியுமான்னா. கையில தூக்கற சின்ன மிஷின்தான். பேத்திக்குக் கவுனு தைக்கணுமாம், அங்க கடைல விக்கறது கழுத்துல அறுக்குதாம். நானும் சரி, நாளைக்கே அனுப்பறேன்னு சொல்லி வச்சுட்டேன். போன வச்சதுக்கப்பறம்தான் உக்காந்து யோசிக்கறேன். விருந்துக்குப் போனவ தையல் மிஷின் கேப்பாளாம்மா? பொடவை கேக்கலாம், மருந்து கேக்கலாம். மிஷின் கேட்டான்னா, அதப் போட ஒரு எடம் பாத்து வச்சுட்டான்னுதான அர்த்தம். ஜன்னல் ஓரமா, வெளிச்சம் விழற மாதிரி. அவளுக்கு அது தெரியாமக் கூட இருக்கலாம். இன்னும் ரெண்டு மாசம்தாங்கன்னுதான் அப்பவும் சொல்றா. பொய் சொல்றவ இல்ல அவ. அவளே நம்பறா. எனக்குத்தான் புரிஞ்சு போச்சு.

அழல, அழல. இந்த ரப்பர் வாசனை கண்ணுக்கு ஒத்துக்கல. தண்ணி இருந்தா குடுங்க.

போதும்மா. சரி, லேசானதே போடுங்க. ரெண்டு இஞ்ச்சு. ஸ்பேசர் வேணாம், அத மறுபடி கண்ணாடிக்குள்ளயே வைங்க, வேற யாராவது ஏமாறட்டும். கழட்டுன பழைய ஸ்பிரிங்க நானே எடுத்துட்டுப் போறேன். தூக்கிப் போட்டுராதீங்க.

இந்தாங்க சாவி. தம்பி, ஒரு நிமிஷம். வண்டிய காலி பண்ணிட்டுத்தான் அளக்கணுமா? சீட்ல எதுவும் இருக்கக் கூடாதா? அப்ப ஒரு விஷயம் சொல்லிடறேன், உள்ள பாத்துட்டு பைத்தியக்காரன்னு நெனச்சுராதீங்க. சிரிக்காம கேளுங்க.

எங்க மெக்கானிக் வெளையாட்டா சொன்னாரும்மா, கனம்தான பிரச்சன, மண்ண அள்ளிப் போட்டு ஓட்டுங்க சார்னு. நானும் போட்டேன். மொதல்ல பின்னாடி சாமான் வைக்கற எடத்துல போட்டேன், வண்டி மூஞ்சியத் தூக்கிக்கிட்டு நிக்குது. கனம் சீட்லதான் இருக்கணும்னு புரிஞ்சுது. அதனால மூட்டையா கட்டி சீட்டு சீட்டா வச்சேன். மாமியார் எடத்துல ஒண்ணு, அவங்க லேசு, பாதி மூட்டதான். ரெண்டு ஜன்னல் பக்கமும் ஒவ்வொண்ணு. முன் சீட்ல ஒண்ணு. முன் சீட்ல வச்ச ஒடனே, பெல்ட் போடல பெல்ட் போடலன்னு வண்டி கூவ ஆரம்பிச்சுருச்சு. அதுக்கு ஆளு உக்காந்திருக்குன்னு நெனப்பு. அந்தச் சத்தம் தாங்காம பெல்ட்ட இழுத்து மாட்டி விட்டேன். சொன்னா நம்ப மாட்டீங்க, வண்டி அப்படியே படகு மாதிரி போச்சு. டேப் வச்சு அளந்தேன். சுத்தமா ரெண்டு இஞ்ச்சு. ஸ்பிரிங்கு மேல ஒரு குத்தமும் இல்ல. மீசைக்காரர் சரியாத்தான் குடுத்திருக்காரு.

அப்படியே ஓட்டிக்கிட்டு இருந்திருப்பேன். குலுக்கல் இல்ல, முதுகு வலி இல்ல. ஆனா நேத்து எறக்கத்துல ஒரு ஆடு குறுக்க பாஞ்சுச்சு. பிரேக்க அமுக்குனேன். என்னோட இடது கை தானா நீண்டு போயி, முன்னாடி சாயற மூட்டையத் தடுத்துப் புடிச்சுது. அவளுக்கு அப்படித்தான் புடிப்பேன், பழக்கம். அதோட விட்டிருந்தா பரவால்ல. ஒனக்கு ஒண்ணும் ஆகலயேன்னு கேட்டேம்மா. வாய் விட்டு, சத்தமா. பதிலுக்குக் காத்துக்கிட்டும் இருந்தேன்.

அதான் இன்னிக்கு வந்துட்டேன். எத்தன பேர்னு கேட்டீங்கல்ல, ஒரு ஆள்னு போட்டுக்கோங்க. தம்பி, பின்னாடி இருக்கற மூட்டையெல்லாம் நீங்க எறக்கிடுங்க, மண்ணு தேவப்பட்டா யாருக்காவது குடுத்துருங்க. முன் சீட்டுல இருக்கறதத் தொட வேணாம். பெல்ட்டு போட்டிருக்கு. அத நானே வந்து எறக்கிக்கறேன்.